கல்லீரல் மாற்று அறுவையில் தமனி இணைப்பு: ரத்தம் பாய்ந்த பிறகும் ஏன் இத்தனை மணி நேரம்?

திருவொற்றியூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டும் அவருடைய கணவருக்கு ஈரல் சுருக்கமும் அதன் மேல் ஒரு புற்றுக்கட்டியும் இருந்தன. கொழுந்தனார் தன் கல்லீரலின் வலப்பாதியைத் தந்திருக்கிறார். அறுவை நடந்த அன்று பிற்பகலில், "புதிய ஈரலுக்குள் ரத்தம் பாய்ந்துவிட்டது, நிறம் நன்றாக இருக்கிறது" என்று வெளியே சேதி வந்தது. அதன் பிறகும் கதவு திறக்க ஐந்து மணி நேரம் ஆனது. "தமனி வேலை நடக்கிறது" என்ற ஒரே பதில்தான் கிடைத்ததாம். இப்போது ஐ.சி.யூ.வில் காலையும் மாலையும் ஸ்கேன் எடுக்கிறார்கள். ஹீமோகுளோபின் 8.6 தான், ரத்தம் தர உறவினர்கள் வரிசையில் நிற்கிறார்கள், ஏற்ற மறுக்கிறார்கள். ரத்தம் உறையும் திறன் குறைவு என்று சோதனைத்தாளிலேயே இருக்கிறது, ஆனாலும் ஆஸ்பிரின் கொடுக்கப்போகிறார்களாம். "எதையோ மறைக்கிறார்களா?" என்பது அவருடைய கேள்வி.

நான் மயக்க மருத்துவன். பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். கல்லீரல் மாற்று அறுவைகளில் நோயாளியின் தலைமாட்டில் நின்று பல வருடங்களைக் கழித்திருக்கிறேன். உங்கள் கணவரின் கோப்பை நான் பார்க்கவில்லை, ஆகவே அவரைப் பற்றிய முடிவுகளை அங்கே இருப்பவர்களிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் நீங்கள் அடுக்கியிருக்கும் நான்கு சங்கதிகளும் ஒரே காரணத்திலிருந்து பிறப்பவை. மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு குழாயை அடைபடாமல் காப்பாற்ற வேண்டும் என்பதே அந்தக் காரணம்.

உடலில் மற்ற உறுப்புகளுக்கு ரத்தம் வருவதற்கும் கல்லீரலுக்கு வருவதற்கும் வித்தியாசம் உண்டு. கல்லீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது. குடலிலும் மண்ணீரலிலும் சுற்றிவந்த ரத்தத்தை வாயிற்சிரை கொண்டுவருகிறது. மருத்துவமனைகளில் போர்ட்டல் வெயின் என்பார்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ரத்தம் கல்லீரலுக்குள் போகிறது என்றால், அதில் முக்கால் பங்கு இந்த வழியாகத்தான். மீதிக் கால் பங்கு கல்லீரல் தமனி வழியாக, இதயத்திலிருந்து நேரே வரும் புது ரத்தம். அளவில் கால் பங்கு என்றாலும் கல்லீரலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழப் பாதி இதிலிருந்துதான்.

அறுவையில் முதலில் சிரைகளைத்தான் இணைப்பார்கள். கல்லீரலிலிருந்து ரத்தம் வெளியேறும் சிரை, பிறகு வாயிற்சிரை. குழாயை இறுக்கி மூடியிருந்த கிளாம்பை எடுத்தவுடன், பனிக்கட்டியில் கிடந்து வெளிறிப்போன ஈரல் சில நிமிடங்களில் சிவந்து கொழுத்து உயிர் பெறும். எத்தனை முறை பார்த்தாலும் அரங்கில் எல்லோரும் ஒரு கணம் எட்டிப் பார்க்கும் காட்சி அது. உங்களுக்கு வெளியே வந்த சேதி அந்த நேரத்தில் சொல்லப்பட்டது. பொய் இல்லை. ஆனால் குடும்பத்தாரிடம் அதோடு நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. "முக்கால் பங்கு வந்தாயிற்று, கடினமான கால் பங்கு இனிமேல்தான்" என்று சொன்னால் வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்துப் பதற வேண்டியிருக்காது.

வாயிற்சிரை ரத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு கல்லீரல் செல்கள் ஓரளவு சமாளித்துவிடும். சமாளிக்க முடியாதவை பித்தநாளங்கள். ஈரலுக்குள் கிளை கிளையாக ஓடும் அந்தக் குழாய்களின் சுவருக்கு உணவு ஏறக்குறைய முழுவதும் தமனியிலிருந்துதான். பிறவியிலேயே உள்ள கல்லீரலில் தமனி அடைத்தால் உதரவிதானத்திலிருந்தும் சுற்றுத் திசுக்களிலிருந்தும் சிறு கிளைகள் வந்து கைகொடுக்கும். மாற்றி வைத்த கல்லீரலுக்கு அந்த அக்கம்பக்கத்து உறவுகள் எல்லாம் கொடையாளியிடமே வெட்டப்பட்டுவிட்டன. அங்கே தமனி அடைத்தால் பித்தநாளச் சுவர் அழுகும், பித்தம் கசியும், ஈரலுக்குள் சீழ்க்கட்டிகள் உண்டாகும், அல்லது மாதங்கள் கழித்துக் குழாய்கள் இறுகிச் சுருங்கி மஞ்சள் காமாலையும் குளிர்காய்ச்சலும் திரும்பத் திரும்ப வரும். சில நோயாளிகளுக்கு ஈரலே முழுதாகச் செயலிழக்கும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளியான ஓர் அறிக்கையின்படி, அறுவைக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில் தமனி உறைந்து அடைபடுவது பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு, குழந்தைகளில் சுமார் எட்டுப் பேருக்கு. சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அப்படி அடைபட்டவர்களில் பாதிப் பேருக்கு இன்னொரு கல்லீரல் தேவைப்பட்டது. இந்த இரண்டாவது எண்ணுக்காகத்தான் இத்தனை பாடும்.

இனி அந்த ஐந்து மணி நேரத்துக்கு வருவோம்.

மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து கல்லீரல் எடுக்கும்போது அறுவை மருத்துவர் தாராளமாக நடந்துகொள்ளலாம். தமனியை, இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாயான மகாதமனி வரை பின்தொடர்ந்து, மகாதமனிச் சுவரில் ஒரு வட்டத் துண்டோடு சேர்த்து வெட்டியெடுப்பார். வாய் அகன்றிருக்கும், தைக்கச் சுலபம். போதாதென்று கொடையாளியின் இடுப்புத் தமனிகளையும் எடுத்து உபரியாக வைத்துக்கொள்வார்கள். நீளம் எட்டாவிட்டால் இடையில் வைத்து இணைக்க உதவும். 2008இல் தொடங்கிய தமிழ்நாட்டின் உறுப்புக் கொடைத் திட்டத்தின் வழியாக வரும் கல்லீரல்கள் இந்த வகை.

உயிருள்ள கொடையாளியிடம் இதெல்லாம் நடக்காது. உங்கள் கொழுந்தனாரின் உடலில் மீந்த இடப்பாதிக்கும் தமனி வேண்டும். ஆகவே வலப்பக்கம் பிரியும் கிளையை மட்டும், பிரிகிற இடத்துக்கு அப்பால் வெட்ட வேண்டும். கிடைப்பது குட்டையான ஒரு முனை, இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் விட்டம். அதை உங்கள் கணவரின் தமனியோடு முனைக்கு முனை சேர்க்க வேண்டும். அதற்கான நூல் 8-0 அல்லது 9-0 என்ற வகை. 8-0 நூலின் கனம் ஒரு மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு, தலைமுடியைவிட மெல்லியது. அறுவை மேசைக்கு மேலே நுண்ணோக்கியைக் கொண்டுவந்து நிறுத்தியோ, உருப்பெருக்கிக் கண்ணாடி அணிந்தோ தைப்பார்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு தையல் போதும். ஆனால் தமனியின் முன்சுவர்தான் கண்ணுக்கு நேரே இருக்கும், பின்சுவர் மறைந்திருக்கும். நீளமான குழாயென்றால் புரட்டிப்போட்டுத் தைக்கலாம், இந்தக் குட்டை முனையைப் புரட்ட முடியாது. பின்சுவரை முதலில் உள்ளிருந்தபடியே தைத்து முன்னால் வருவார்கள். ஒரு தையல் எதிர்ச்சுவரையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் குழாய் மூடிப்போகும். எனவே ஒவ்வொரு முடிச்சுக்கும் முன்னால் உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து கலந்த நீரைப் பீய்ச்சி வாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

என் தரப்பு வேலையும் ஒன்று இருக்கிறது, இதைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை. கல்லீரல் உதரவிதானத்துக்கு அடியிலேயே ஒட்டிக் கிடப்பது. செயற்கை சுவாசம் ஒவ்வொன்றுக்கும் அது ஏறி இறங்கும். வெறுங்கண்ணுக்குச் சிறிய அசைவுதான். நுண்ணோக்கியில் பத்து மடங்காகப் பார்க்கிறவருக்கோ தைக்கிற இடமே பார்வையை விட்டு ஓடிவிடும். ஆகவே மூச்சின் அளவைக் குறைத்து, எண்ணிக்கையைக் கூட்டி வைப்போம். மிக நுட்பமான ஒரு தையலுக்குச் சில நொடிகள் மூச்சை நிறுத்தியும் தருவோம். அந்த நேரங்களில் அரங்கில் பேச்சே இருக்காது.

ரத்தக்குழாய்களை இப்படித் தைத்து இணைக்கும் முறைக்கு வயது நூறுக்கு மேல். 1894இல் பிரான்சின் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். வாயிற்சிரை அறுபட்டு இறந்தார். அதைத் தைக்க அன்றைக்கு வழி இல்லை. அந்த ஊரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அலெக்சிஸ் கரேல், பூத்தையல் செய்யும் ஒரு பெண்மணியிடம் போய் மெல்லிய ஊசியையும் நூலையும் கையாளக் கற்றார். குழாயின் வாயில் மூன்று இடத்தில் தையல் போட்டு இழுத்து, வட்டத்தை முக்கோணமாக்கித் தைக்கும் அவருடைய முறை 1902இல் வெளிவந்தது. 1912இல் நோபல் பரிசு. இன்றும் அந்த முக்கோண உத்தியின் வாரிசுகளைத்தான் பயன்படுத்துகிறோம்.

நுண்ணோக்கி இந்த அறுவைக்குள் வந்தது வேறு வழியில், அதுவும் வடசென்னைக்காரர்களுக்கு அறிமுகமான வழியில். மணலி, எண்ணூர்ப் பக்கம் ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கு இயந்திரத்தில் விரல் போனால் எங்கே ஓட வேண்டும் என்று தெரியும்: ஸ்டான்லி அரசு மருத்துவமனை. டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த அந்தக் கை அறுவை சிகிச்சைத் துறை நாடறிந்தது. துண்டான விரலை மீண்டும் பொருத்துவதென்றால் ஒரு மில்லிமீட்டர் தமனியை நுண்ணோக்கியில் பார்த்துத் தைக்க வேண்டும். ஜப்பானின் கியோட்டோ நகரில், உயிருள்ள கொடையாளிகளிடமிருந்து குழந்தைகளுக்கு ஈரல் மாற்றியவர்கள் இதே நுண்ணறுவை முறையைக் கல்லீரல் தமனிக்குக் கொண்டுவந்து 1992இல் எழுதினார்கள். அதன் பிறகு தமனி அடைப்பு வெகுவாகக் குறைந்தது. கல்லீரல் மாற்று அறுவையும் இன்று ஸ்டான்லியில் நடக்கிறது. பல மருத்துவமனைகளில் இந்த ஒரு இணைப்புக்கு மட்டும் நுண்ணறுவையில் கைதேர்ந்த பிளாஸ்டிக் சர்ஜன் உள்ளே வந்து தைத்துவிட்டுப் போவார். உங்கள் கணவருக்கும், இடையில் புதிதாக ஒரு மருத்துவர் உள்ளே போனதைப் பார்த்துப் பயந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

உங்கள் கணவர் விஷயத்தில் கூடுதலாக ஒன்றைக் கவனித்தேன். அறுவைக்கு முன்பு கட்டிக்கு இரண்டு முறை "டேஸ்" செய்ததாகச் சொல்கிறீர்கள். தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக ஒரு மெல்லிய குழாயைக் கல்லீரல் தமனிவரை செலுத்தி, கட்டிக்குப் போகும் கிளையில் மருந்தைச் செலுத்தி அடைக்கும் சிகிச்சை அது. மாற்று ஈரலுக்காகக் காத்திருக்கும் நாட்களில் கட்டியை அடக்கிவைக்க அது அவசியம், செய்தது சரி. ஆனால் அந்தக் கிளைகளின் உட்சுவர் அதனால் நலிந்துபோவதுண்டு. தமனிச் சுவரில் மூன்று அடுக்குகள். உள்ளடுக்கு பிரிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, உள் லைனிங் கிழிந்த கோட்டுக்குள் கையை நுழைத்துப் பாருங்கள்: கை லைனிங்குக்கும் துணிக்கும் நடுவில் போய் முட்டி நிற்கும், வெளியே வராது. ரத்தமும் அப்படித்தான் இரண்டு அடுக்குக்கு நடுவே புகுந்து, உள்ளடுக்கைத் தள்ளி, வழியைத் தானே அடைத்துக்கொள்ளும்.

அப்படிப்பட்ட தமனியில் தைப்பது வீண். நல்ல சுவர் தெரியும்வரை முனையை வெட்டிக்கொண்டே பின்னோக்கிப் போவார்கள். வெட்ட வெட்ட நீளம் குறையும். ஊசியை உள்ளிருந்து வெளியே குத்தினால் உள்ளடுக்கு வெளிச்சுவரோடு சேர்ந்து பிடிபடும், எனவே நலிந்த பக்கத்தில் அந்தத் திசையில்தான் குத்துவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் வேறு தமனியைத் தேட வேண்டியதுதான். இரைப்பையின் பெரிய வளைவை ஒட்டி ஓடும் தமனியைப் பிரித்துத் திருப்பிக்கொண்டு வரலாம். மண்ணீரல் தமனியைத் திருப்பலாம். காலிலிருந்து சிரைத் துண்டோ கையிலிருந்து தமனித் துண்டோ எடுத்து மகாதமனியிலிருந்தே புதுப் பாதை போடலாம். இவற்றில் எதைச் செய்தாலும் ஒன்றிரண்டு மணி நேரம் கூடும். கூடுவது நல்லதற்கே. சுமாரான ஓட்டத்தோடு மூடிவிட்டு நள்ளிரவில் மறுபடி திறப்பதைவிட, மேசையிலேயே பிரித்துத் திரும்பத் தைக்கும் மருத்துவரைத்தான் நான் மதிப்பேன்.

இன்னொரு சிக்கல், தமனிகள் எல்லோருக்கும் பாடநூலில் வரைந்த இடத்தில் இருப்பதில்லை. மைக்கெல்ஸ் என்ற அமெரிக்க உடற்கூற்றியல் அறிஞர் 1950களில் 200 உடல்களை ஆராய்ந்தபோது, பாடநூல் அமைப்பு சுமார் 55 சதவீதத்தில்தான் இருந்தது. மற்றவர்களில் சிலருக்கு வலத் தமனி குடல் தமனியிலிருந்து கிளம்பும், சிலருக்கு இடத் தமனி இரைப்பைத் தமனியிலிருந்து வரும். கொடையாளிக்கு முன்கூட்டியே சி.டி. ஆஞ்சியோகிராம் எடுப்பது இதற்காகவும்தான்.

தைத்து முடித்துக் கிளாம்பை எடுத்த பிறகும் வேலை முடியாது. ஒலியலையால் ரத்த ஓட்டத்தை அறியும் டாப்ளர் ஸ்கேன் கருவியை ஈரலின் மேலேயே வைத்து உள்ளே ஒவ்வொரு பகுதிக்கும் ரத்தம் போகிறதா என்று கேட்பார்கள். இணைப்பு சுத்தமாக இருந்தும் ஓட்டம் மந்தமாக இருப்பதுண்டு. கல்லீரலுக்கு ஒரு சுபாவம்: வாயிற்சிரை ரத்தம் மிகுந்தால் தமனி தானாகச் சுருங்கிக்கொள்ளும், குறைந்தால் விரியும். பெரிய உடம்பின் வாயிற்சிரை ரத்தம் முழுதும் பாதி ஈரலுக்குள் பாயும்போது தமனி ஒடுங்கிப்போகும். அதைச் சரிசெய்ய மண்ணீரலுக்குப் போகும் தமனியைக் கட்டிவிடுவதுண்டு. மண்ணீரலிலிருந்து வாயிற்சிரைக்கு வரும் ரத்தம் அதனால் குறையும், கல்லீரல் தமனிக்கு வேகம் கூடும். அதற்கும் பிறகுதான் பித்தநாள இணைப்பு, ரத்தக்கசிவை அடக்குவது, குழாய்கள் வைத்து வயிற்றை மூடுவது எல்லாம். கூட்டிப் பாருங்கள், ஐந்து மணி நேரம் வியப்பான கணக்கு இல்லை.

இனி ஐ.சி.யூ. விஷயம். முதலில் ஸ்கேன். தமனி அடைபடும்போது முதல் சில மணி நேரம் நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் தெரியாமல் போகலாம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. ரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதிகள் ஏறத் தொடங்குவதற்குள் நேரம் போயிருக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் உறைகட்டியை எடுத்துத் திரும்ப இணைக்கலாம், அல்லது குழாய் செலுத்திக் கரைக்கலாம். தாமதமானால் பித்தநாளங்கள் காத்திருக்காது. அதனால்தான் நன்றாக இருக்கும்போதே தினமும் டாப்ளர். அறிக்கையில் "ஆர்.ஐ." என்று ஓர் எண் இருக்கும், தமனி ஓட்டத்துக்கு எவ்வளவு தடை என்பதைக் காட்டுவது, பொதுவாக 0.55 முதல் 0.80 வரை இருக்க வேண்டும். முதல் சில நாட்களில் அதற்கு மேலே போவது சகஜம், பெரும்பாலும் தானாக இறங்கும். 0.5க்குக் கீழே போய், ஸ்கேன் திரையில் தெரியும் ஓட்டத்தின் அலையும் மெதுவாக ஏறினால் எங்கோ ஒடுக்கம் இருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள். அலையே கிடைக்காவிட்டால் உடனே சி.டி. ஆஞ்சியோகிராமுக்கு அழைத்துப்போவார்கள், சில சமயம் நேரே அரங்குக்கு. ஒரு நாள் ஒரு எண் மாறியது என்று நீங்கள் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். எண் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று கேளுங்கள்.

ரத்தம் ஏற்ற மறுப்பதற்கு வருகிறேன். வண்ணாரப்பேட்டையிலும் காசிமேட்டிலும் ஒருவர் மருத்துவமனையில் இருந்தால் ரத்தம் கொடுக்கத் தெருவே திரண்டு வரும். அந்த மனசை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே சிவப்பணுக்கள் கூடினால் ரத்தம் கெட்டிப்படும், கெட்டியான ரத்தம் இரண்டு மில்லிமீட்டர் குழாயில் தயங்கி ஓடும், தயங்கினால் உறையும். அதனால் ஹீமோகுளோபினை எட்டிலிருந்து பத்துக்குள் வேண்டுமென்றே வைத்திருப்போம். 8.6 என்பது அலட்சியத்தால் வந்த எண் என்று நினைக்காதீர்கள், கணக்குப்போட்டு விட்டுவைத்த எண். ரத்தக்கசிவு இருந்தால் உடனே ஏற்றுவார்கள். வந்தவர்களிடம் ரத்த வங்கியில் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், அது இன்னொருவருக்கு உதவும்.

ஆஸ்பிரின்தான் உங்களை அதிகம் குழப்பியிருக்கிறது. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண் 1.9 என்று பார்த்து, ரத்தம் உறையாது என்று முடிவுகட்டியிருக்கிறீர்கள். மருத்துவர்களே பல காலம் அப்படித்தான் நினைத்தார்கள். அந்தச் சோதனை, உறைய வைக்கும் புரதங்களில் ஒரு பகுதியைத்தான் அளக்கிறது. உறைவைத் தடுக்கும் புரதங்களையும் கல்லீரல்தான் செய்கிறது, ஈரல் கெட்டால் அவையும் சேர்ந்தே குறையும். இரண்டு தட்டும் இறங்கிய தராசு எந்தப் பக்கமும் சாயலாம். புதிய ஈரல் வேலை தொடங்கும் முதல் நாட்களில் அது உறைவின் பக்கம் சாய்ந்து நிற்பதுண்டு, ஐ.என்.ஆர். ஏறியிருக்கும்போதே. எனவே தட்டணுக்கள் ஓரளவு ஏறி, கசிவு நின்றபின் சிறிய அளவு ஆஸ்பிரின் தொடங்குவது பல மையங்களின் வழக்கம். எண்ணை அழகாக்குவதற்காகப் பிளாஸ்மா ஏற்றச் சொல்லிக் கேட்காதீர்கள், தமனிக்கு அது கெடுதல்.

வீட்டுக்கு வந்த பிறகு மூன்று விஷயம். பீடி, சிகரெட், வாயில் ஒதுக்கும் புகையிலை எதுவும் வேண்டவே வேண்டாம். புகைப்பவர்களுக்கு மாற்று ஈரலின் தமனிச் சிக்கல்கள் அதிகம் என்பது ஆய்வுகளில் தெரிந்த செய்தி. லாரி ஷெட்டில் நண்பர்கள் நீட்டுவார்கள், நீங்கள் பொல்லாதவளாகப் பெயர் வாங்கினாலும் பரவாயில்லை. இரண்டாவது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கண் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல், உடம்பு அரிப்பு எதுவாக இருந்தாலும் தெருமுனைக் கடையில் மாத்திரை வாங்கிப் பார்ப்போம் என்று ஒரு இரவுகூடக் காத்திருக்கக் கூடாது. தமனி மெதுவாக அடைபட்டு மாதங்கள் கழித்து இப்படித் தலைகாட்டலாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் ஆம்புலன்ஸ் என்ன பாடுபடும் என்று உங்கள் கணவருக்கே தெரியும், மாற்று வழியை இப்போதே அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, டிஸ்சார்ஜ் ஆகும்போது அறுவைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பில்லோடு தரும் ஒரு பக்கச் சுருக்கம் போதாது. எந்தத் தமனியை எதோடு இணைத்தார்கள், இடையில் வேறு குழாய் வைத்தார்களா, மண்ணீரல் தமனியைக் கட்டினார்களா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். நாளைக்கு வயிற்றில் வேறு ஏதாவது அறுவை வந்தாலோ, தமனிக்குள் குழாய் செலுத்த நேர்ந்தாலோ, செய்கிறவர் முதலில் கேட்பது அதைத்தான். உதாரணமாக இரைப்பைத் தமனியைத் திருப்பி இணைத்திருந்தால், அது தெரியாமல் இரைப்பையில் கை வைப்பவர் ஈரலின் உயிர்நாடியையே வெட்டிவிடக்கூடும். நகலை இரண்டாக எடுத்து ஒன்றைக் கொழுந்தனார் வீட்டிலும் வையுங்கள். அவருக்கும் தன் அறுவைக் குறிப்பு தனியாக உண்டு, அதையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.